தோற்கத் தெரியாத பெட்டி

பிள்ளைகளே, நாம் முன்பு இருந்த கோத்தகிரி தேயிலை எஸ்டேட்டில் துரையிடம் தோற்பதற்கென்று ஒரு முறை இருந்தது. மேனேஜரைத்தான் துரை என்போம். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகியும் அந்தச் சொல் மட்டும் போகவில்லை. தோற்கும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஆபீஸ் ஹெட் கிளார்க். ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலிங் ரூமில் சூப்பர்வைசராக நான் சேர்ந்த புதிது. டீக்கடை வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்க செஸ் வெளையாடுவீங்களாமா?"

"கொஞ்சம் வருமுங்க."

"கொஞ்சம்னா?"

"பேப்பர்ல போடற புதிரெல்லாம் போட்டுருவனுங்க."

"அட, அப்பக் கஷ்டமாச்சே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் துரை கிளப்புக்கு வருவாரு. உங்களக் கூப்புடுவாரு. போயி உக்காருங்க. நல்லாவே ஆடுங்க. அவரு டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் தாக்குப் புடிங்க. கப்பக் கீழ வச்சாருன்னா, அதுக்கப்பறம் மெதுவா விட்டுருங்க. எடுத்த எடுப்புல தோத்துறாதீங்க, அது மரியாதையா இருக்காது."

கேரம், பூப்பந்து, சீட்டு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். இது ஏமாற்று என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. துரை ஜீப் வந்தால் ஓரமாக நிற்கிறோம், மழையில் அவருக்குக் குடை பிடிக்கிறோம், அது மாதிரி இதுவும் ஒன்று. எனக்கும் தோன்றவில்லை. நான் பத்தாவதுதான் படித்தவன். எஸ்டேட் வீடு, எஸ்டேட் விறகு, கீழே பஸ் பிடித்தால் கோத்தகிரியில் உங்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மரக்கட்டை ராஜாவுக்காக வம்பு வளர்ப்பேனா?

துரை சும்மா ஆட்டக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாளில் மாநில அளவில் ஆடியவர். பங்களா ஹாலில் அவர் வாங்கிய கோப்பைகள் வரிசையாக இருக்கும். எனவே அவரிடம் தோற்பது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் ஒழுங்காகத் தோற்க வேண்டுமென்றால் எதிராளியை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் எங்கே பலவீனமாக இருக்கிறார் என்று தெரிந்தால்தானே அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியும்? வாராவாரம் எதிரில் உட்கார்ந்ததில் அவருடைய ஆட்டம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ராணியைச் சீக்கிரம் முன்னால் அனுப்பிவிடுவார். ராஜாவின் பக்கம் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு குதிரையைப் பலி கொடுத்து உள்ளே இறங்கினால் நாலைந்து நகர்வில் அவர் கதை முடியும். எத்தனையோ ஆட்டங்களில் அதே நிலை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் குதிரையைத் தொடாமல் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவேன். அவர் சிரித்துக்கொண்டே கப்பைக் கீழே வைப்பார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. "இந்த எஸ்டேட்ல என்கூட ஆட ஒரு ஆள் இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். போனில் ஆடிப் பார்த்திருக்கிறார். கண் வலிக்கிறது, பலகையும் காயும் கையில் படாமல் ஆடுவது ஆட்டமே இல்லை என்பார். ஒரு நாள் கிளப்பில் ட்யூப் லைட் மாட்டிக்கொண்டிருந்த உங்கள் மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீ டிப்ளமா படிச்சவன்தானே? பலகைமேல ஆடற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு குடேன். என்னைத் தோக்கடிக்கணும். தோக்கடிச்சா உன் வேலையைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி ஹெட் ஆபீசுக்கு எழுதறேன்."

உங்கள் மாமா அப்போது ஃபேக்டரியில் தற்காலிக எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து பாதி இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பங்களாவில் கிடந்த பழைய லேப்டாப்பைத் துரை கொடுத்தார். வயரும் சில்லறைச் சாமான்களும் அவர் செலவு. டீ பெட்டிப் பலகையை இழைத்து மாமா பலகை செய்தார். ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் ஒரு சுவிட்ச், ஒரு சின்ன லைட். காயின் அடியில் காந்தம். நாம் காயை நகர்த்தினால் பெட்டிக்குத் தெரியும். அது எதை எங்கே நகர்த்த நினைக்கிறதோ அந்த இரண்டு கட்டத்திலும் லைட் எரியும், நாம் அதற்காக நகர்த்தி வைக்க வேண்டும். இதெல்லாம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"நெட்ல ரெடியா ப்ரோக்ராம் கெடைக்குமாமே மாப்ளே, அத எடுத்துப் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"உலகத்துலயே பெரிய ஆட்டக்காரனத் தோக்கடிக்கற ப்ரோக்ராம் சும்மாவே கெடைக்குதுங்க மச்சான். ஆனா அது நாஞ் செஞ்சதாகுமா? துரை கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

தானே எழுதினார். எப்படி என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குச் செஸ் தெரியாது, எண்ணத்தான் தெரியும். சிப்பாய்க்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு, யானைக்கு இவ்வளவு என்று மதிப்பு போட்டுக் கொடுக்க வேண்டும். நான் இப்படி வைத்தால் அவன் அப்படி வைப்பான், அப்புறம் நான் இப்படி என்று ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்து, கடைசியில் யார் கையில் எவ்வளவு மிச்சம் என்று கூட்டிப் பார்க்கும். வழிகளோ கிளை விட்டுக் கிளை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் பார்த்தால் விடிந்துவிடும். அதனால் உருப்படாத கிளை என்று தெரிந்ததுமே வெட்டிவிட வேண்டும். "நம்ம தேயிலைக்குக் கவாத்து பண்றமே, அதேதானுங்க மச்சான்" என்பார்.

ஆட்டத்துக்கு ஆள் நான்தான். முதலில் பெட்டி மகா மக்கு. ஒரு சிப்பாய் கிடைக்கிறது என்று ராணியைக் கொண்டுபோய் என் யானையின் வாயில் வைக்கும். ராஜாவைத் தனியாக நடுப்பலகைக்கு உலாவ அனுப்பும். அம்மா எட்டிப் பார்த்து, "என்ர தம்பி செஞ்சதாச்சே, அவனாட்டமே ஊர் சுத்துது" என்றாள். மழைக்காலத்தில் சுவிட்சில் ஈரம் ஏறி, யாரும் தொடாத காயை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எல்லா லைட்டையும் எரிய விடும். ஃபேக்டரிக்குத் தூக்கிப் போய் ட்ரையர் பக்கத்தில் வைத்து உலர்த்திக் கொண்டுவருவோம்.

அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. எதிரில் யாருமில்லை, கோபித்துக்கொள்ள ஒருவருமில்லை. ஜெயிக்கலாம். மனசார ஜெயிக்கலாம். நான் ஜெயிக்க ஜெயிக்க மாமா எங்கே கோட்டை விட்டோம் என்று பார்த்துத் திருத்துவார். பெட்டி தேறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் என்னைத் தோற்கடித்தது. மாமா மேசையைச் சுற்றிக் குதித்தார். எனக்கும் சந்தோஷம்தான், இருந்தாலும் அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பத்து ஆட்டம் ஆடினால் ஒன்றில் நான் ஜெயிப்பதே பெரிய காரியமாகிவிட்டது. குன்னூரில் பிள்ளைகளுக்குச் செஸ் கற்றுத் தரும் ஒரு கோச்சிடம் பெட்டியைக் கொண்டுபோனோம். அவரும் தோற்றார். "இது நல்லா ஆடுது. ஆனா ஆரம்பத்துல கொஞ்சம் தடுமாறுது. முதல் பத்துப் பன்னெண்டு நகர்வை யோசிக்க விடாதீங்க, மனப்பாடமா குடுத்துருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார்: "துரை எப்படி ஆரம்பிப்பாருங்க மச்சான்?"

நான் சொன்னேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சொன்னேன். ராணி எப்போது வெளியே வரும், ராஜா பக்கம் எப்போது திறக்கும், குதிரையை எங்கே பலி கொடுக்க வேண்டும். அந்தக் குதிரைப் பலியைப் பெட்டியால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு தூரம் அதற்கு எண்ண வராது. நான் சொன்னதால்தான் அதற்குத் தெரிந்தது. அத்தனை வருஷம் என் தலைக்குள்ளேயே கிடந்த நகர்வுகள். ஒரு நாளாவது ஒரு பலகைமேல் அவை நடக்கட்டும் என்று இருந்தது. அதில் ஆபத்து இருப்பதாக எங்கள் யாருக்கும் படவில்லை. துரையே கேட்டுச் செய்த பெட்டி. மெஷின் ஜெயித்தால் யார்மேல் கோபப்படுவார்?

கிளப் ஆண்டு விழாவில் ஆட்டம் வைத்தார்கள். பக்கத்து எஸ்டேட் துரைகள், அவர்கள் வீட்டு அம்மாக்கள், நம் ஸ்டாஃப் குடும்பங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நீங்கள் இருவரும் முன்வரிசையில் ஜிலேபி தின்றுகொண்டிருந்தீர்கள். காயை நகர்த்தி வைக்க மாமா பெட்டிக்குப் பின்னால் நின்றார். நான் சுவரோரம் ஹெட் கிளார்க் பக்கத்தில் நின்றேன்.

ராணி வெளியே வந்தது. ராஜா பக்கம் திறந்தது. ஓரத்துச் சிப்பாய்க்குப் போக வேண்டிய லைட் குதிரைக்கு அடியில் எரிந்தது.

துரை உடனே காயைத் தொடவில்லை. பலகையையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, கூட்டத்தில் தேடி, என்னைப் பார்த்தார். அந்த நிலை அவருக்குப் பழக்கமானது. என்னோடு ஆடிய ஆட்டங்களில்தான் அது வரும். அந்த இடத்தில் நான் எப்போதும் சிப்பாயைத் தள்ளுவேன். எப்போதும். வேறு நகர்வு எனக்குத் தெரியவே தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். பெட்டிக்கு அது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் துரையின் ராஜா மாட்டிக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து எஸ்டேட் துரை, "என்னப்பா, எலக்ட்ரீஷியன் பெட்டிகிட்டத் தோத்துப் போயிட்டியே!" என்று கேலி செய்தார். நம் துரையும் சிரித்தார். மாமாவுக்குக் கை கொடுத்தார். பெட்டிமேல் அவருக்குத் துளிகூடக் கோபமில்லை. நாங்கள் நினைத்தது அந்த மட்டில் சரிதான்.

"நீங்க வாங்க" என்றார் என்னிடம்.

அதுவரை என்னை 'நீ' என்று கூப்பிட்டவர்.

"உக்காருங்க. என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. இன்னிக்காவது நெஜமா ஆடுங்க."

ஹெட் கிளார்க் என் முழங்கையை அழுத்தி, "பாத்துங்க" என்றார். எதைப் பார்ப்பது? ஜெயித்தால், இத்தனை வருஷம் உனக்குப் பிச்சை போட்டேன் என்று ஊர் முன்னால் சொன்ன மாதிரி. தோற்றால், இப்போதும் போடுகிறேன் என்று சொன்ன மாதிரி. அம்மாவைப் பார்த்தேன். அவள் உங்கள் இருவர் தோளிலும் கை வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். ஜெயிக்க வேண்டாம் என்கிறாளா, ஆடவே வேண்டாம் என்கிறாளா, தெரியவில்லை.

உட்கார்ந்ததும் நான் ஒன்று முடிவு செய்தேன். அவர் கேட்டது நிஜமான ஆட்டம். அதைக் கொடுத்துவிடுவோம். பிறகு வருவது வரட்டும்.

பிள்ளைகளே, இதை நிதானமாகப் படியுங்கள். அன்று நான் நிஜமாக ஆடினேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதனோடு அவ்வளவு உயிரைக் கொடுத்து நான் ஆடியதில்லை. துரையும் அன்று வேறு ஆளாக இருந்தார். ராணியை அவசரப்பட்டு வெளியே விடவில்லை. டீ வந்தது, ஆறிப்போனது, தொடவில்லை. ஒரு கட்டத்தில் என் கை ஓங்கியிருந்தது. யானையை நடு வரிசைக்குக் கொண்டுவந்தேன். இனி நம் ஆட்டம்தான் என்று நினைத்தேன். தூரத்து மூலையிலிருந்து அவருடைய மந்திரி குறுக்கே வந்து அந்த யானையை வெட்டியது. அதற்கப்புறம் எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. ராஜாவைச் சாய்த்து வைத்துவிட்டுக் கை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். தொடவில்லை.

"இத்தனை பேர் முன்னாடி கேட்டேன். அப்பவுமா?" என்றார்.

"இல்லைங்க சார். நெஜமாத்தான் ஆடினேனுங்க. நீங்கதான்..."

"போதும்" என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா, "பெரிய மனசுங்க மச்சான் உங்களுக்கு. கையில வந்த ஆட்டத்த விட்டீங்களே" என்றார். அம்மா, "விட்டது நல்லதுக்குத்தான். வூடு நெலைச்சுதே" என்றாள். நான் இல்லை என்றேன். வேண்டுமென்று தோற்கவில்லை என்றேன். "செரி, செரி, வெளிய அப்படியே சொல்லுங்க" என்றாள். என் பெண்டாட்டிகூட நம்பவில்லை.

வீடு நிலைக்கவில்லை. கம்பெனிக்குக் கூடலூரைத் தாண்டி, கேரள எல்லையில் நாடுகாணிப் பக்கம் இன்னொரு எஸ்டேட் இருந்தது. அங்கே எனக்கு மாற்றல் வந்தது. காரணம் கேட்டதற்கு, ஆள் தேவைப்படுகிறது என்றார்கள். மாமாவின் தற்காலிக வேலை அந்த வருஷத்தோடு நின்றது. ஹெட் ஆபீசுக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. பெட்டி மட்டும் பங்களாவில் இருக்கிறது. சாமான் செலவு துரையுடையது, ஆகவே பெட்டியும் துரையுடையதாம். தினமும் அதோடுதான் ஆடுகிறாராம், பெரும்பாலும் தோற்கிறாராம், சந்தோஷமாக இருக்கிறாராம். அவரை முதலில் தோற்கடித்தது அதுதான். அதற்கு யாரும் மாற்றல் போடவில்லை.

லாரியில் சாமான் ஏற்றும்போது ஹெட் கிளார்க் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அந்தக் கடைசி ஆட்டம் இருக்குதுங்களே, அப்படித் தோக்க இனி ஒருத்தன் பொறந்துதான் வரணும். நெஜமாட்டமே இருந்துச்சு" என்றார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

பெரியவளே, கோத்தகிரிப் பள்ளியை விட வேண்டாம் என்று உன்னை அங்கேயே ஹாஸ்டலில் போட்டோம். கூடலூரிலிருந்து பஸ் ஏறி உன்னைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், திரும்பும்போது நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். சின்னவனே, உன்னை எங்களோடு கூட்டிப் போனோம். புதுப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் பேசியது மலையாளம். பேச்சு புரியாமல் நீ கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாக டீச்சர் சொன்னார்.

நான் அதிகம் யோசிப்பது இன்னொன்றை. துரை அன்று என்னை நேர்மையாக ஜெயித்தார். அப்படியென்றால் நான் விட்டுக் கொடுக்காமலே ஆடியிருந்தாலும் அந்த வருஷங்களில் பாதி ஆட்டமாவது அவர்தான் ஜெயித்திருப்பார். என் தோல்வியில் பாதி வீண். குதிரையை இறக்கி ஒரு முறை தோற்கடித்திருந்தால், அடுத்த ஞாயிறே ராஜா பக்கத்தை அடைத்துக்கொண்டு வந்திருப்பார், இன்னும் நல்ல ஆட்டக்காரர் ஆகியிருப்பார். நானும் ஆகியிருப்பேன். அவருக்குத் தேவைப்பட்ட ஆள் நான்தான். எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரையும் அந்த எஸ்டேட் முறை கெடுத்தது. ஆனால் வீட்டைக் காலி செய்தது நான் மட்டும்தான்.

கோயமுத்தூரில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் உங்கள் மாமா போன மாதம் வந்திருந்தாரே, அன்று அந்தக் கடைசி ஆட்டத்தை அவர் போனில் ஏற்றினார். நகர்வெல்லாம் எனக்கு நினைவிருந்தது, சொல்லச் சொல்லப் போட்டார். அவருடைய பெட்டியைவிடப் பலமடங்கு பெரிய மூளை இப்போது அந்தப் போனுக்குள் இருக்கிறது. அது ஒவ்வொரு நகர்வாகச் சரி, சரி என்று காட்டிக்கொண்டே வந்து, நான் யானையை நகர்த்திய இடத்தில் மட்டும் சிவப்பாகக் காட்டியது.

"பாருங்க மச்சான்" என்று மாமா சிரித்தார். "இத்தன நேரம் பிசகாம ஆடின ஆளு, இந்த ஒரு எடத்துல மட்டும் தப்பு. இந்த மந்திரிய நீங்க பாக்கலையாக்கும்? ஆருகிட்டக் கத வுடறீங்க?"

"பாக்கலடா."

"போன் சொல்லுதுங்க, இது பெரிய தப்புன்னு."

"தப்புன்னுதானே சொல்லுது? வேணும்னு செஞ்சேன்னா சொல்லுது?"

மாமா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது எப்படிங்க அதுக்குத் தெரியும்?" என்றார். ஆனாலும் அவர் மனசு மாறவில்லை. சாப்பிடும்போது உங்களிடம் மறுபடியும் அதையே சொன்னார். உங்க அப்பா உங்க படிப்புக்காகத் தோத்தவரு, அவர மாதிரி ஒரு ஆள் உண்டா என்று.

பெரியவளே, அதை நீ பள்ளிக் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். 'எனக்காகத் தோற்ற என் அப்பா' என்று. பரிசும் வாங்கியிருக்கிறாய். அம்மா அதை அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அந்தப் பரிசை நான் பிடுங்கப் பார்க்கவில்லை. ஆனால் அந்த எஸ்டேட்டில் ஒரு மனிதரோடு நான் ஆடிய ஒரே உண்மையான ஆட்டம் அது. துரை அதைப் பொய் என்றார், மற்றவர்கள் தியாகம் என்கிறார்கள். நீங்கள் இரண்டு பேராவது வேறு மாதிரி தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நான் யாருக்காகவும் தோற்கவில்லை, பிள்ளைகளே. மூலையில் இருந்த மந்திரி என் கண்ணில் படவில்லை.